நாற்காலியில் உட்கார்ந்த குடங்கள்

இதை எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரவிக்கை அளவுகள்தான். தோள் பதினாலு, கை ஒன்பது, கழுத்து ரொம்ப இறக்க வேண்டாம். அந்த நோட்டில் இதுவரை யாரும் பிழை கண்டுபிடித்ததில்லை. யாரும் அதைப் படித்ததும் இல்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது என்னிடம் மணி கேட்டால், வாயைத் திறக்காமல் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுகிற சுபாவம் எனக்கு.

அப்படிப்பட்டவள் எழுதக் காரணம், எங்கள் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தப்புத் தப்பாகப் பேசுகிறார்கள். அறுபது குடம் ஓட்டுப் போட்டது என்கிறார்கள். ஒரு குடம் எழுந்து நின்றது என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். இருந்தது இருபத்து நாலு. அதிலும் ஒன்று செல்லவில்லை. எழுந்து நின்றது நான். இதை யாராவது சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா?

எங்கள் தெரு திண்டிவனத்தில் ஏரிக்கரைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். மேட்டுப் பக்கம் பஸ் போகிற ரோடு, அம்மன் கோயில், ஆட்டோ ஸ்டாண்டு, தெருவுக்கே இருக்கிற ஒரே குழாய். பள்ளத்துப் பக்கம் அங்கன்வாடி, மழைக்காலத்தில் ஏரியிலிருந்து விருந்துக்கு வருகிற தவளைகள், நாங்கள்.

குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் வரிசை காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை யார் நிற்க முடியும்? வேலைக்குப் போகிறவர்கள் போக வேண்டும், சமைக்கிறவர்கள் சமைக்க வேண்டும். அதனால் குடம் நிற்கும். குடம் நின்றால் அந்த இடத்தில் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். அதை யாரும் நகர்த்தக் கூடாது, தாண்டக் கூடாது. ஒரு ஆளுக்கு வரிசையில் ஒரு குடம்தான். செங்கல் செல்லாது, செருப்பு செல்லாது. ஒரு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி காலிப் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நடந்த சண்டையில் கோயிலில் நடந்துகொண்டிருந்த பூசையையே நிறுத்திவிட்டு ஐயர் வந்து எட்டிப் பார்த்தார். பெயிண்ட் டப்பா ஆள் இல்லை என்று அன்றைக்கு முடிவானது.

முடிவு செய்தவர் பூக்காரம்மா. குழாய்க்கு எதிர் வீடு அவருடையது. காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுவார். கண் நூலில் இருக்கும், ஆனால் எந்தக் குடம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லுவார். அவரை யாரும் நியமிக்கவில்லை. அவருக்குப் பயப்படாதவர்களும் யாரும் இல்லை.

இனி என் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலிலேயே இட்லி சுட்டு விற்கிறவர். விடிவதற்குள் பாண்டி பக்கம் வேலைக்குப் போகிற கொத்தனார்கள், சித்தாள்கள் எல்லாருக்கும் அவர் இட்லிதான். போன மழைக்காலத்தில் குடத்தோடு மேட்டிலிருந்து இறங்கும்போது மூடாத கால்வாயில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், கோணலாகக் கூடிவிட்டது. அந்தக் கையால் கரண்டி பிடிக்கலாம், குடம் பிடிக்க முடியாது. இடது இடுப்பில் அரைக்குடம்தான் தூக்குவார். அதையும் நாலு வீட்டுக்கு ஒரு தடவை கீழே வைப்பார். நாங்கள் ஆளுக்கு ஒரு நாள் கொண்டுவந்து ஊற்றினோம். இட்லிக்கடைக்கு அது எந்த மூலைக்கு?

அவருடைய மகள் கண்டமங்கலம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் நல்லவர். "வந்து எங்ககூட இருங்க" என்று வாரம் ஒரு தடவை போன் செய்வார். நல்லவர் என்பதுதான் அக்காவுக்குப் பெரிய கஷ்டமே.

"கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டு இங்கயே இருந்துடுவேன்," என்பார். "இவன் தங்கமா பேசறான். அங்க போனா நான் டிவி முன்னாடி உக்காந்துக்கினு பேரனுக்கு மூக்கு தொடச்சுக்கினு இருக்கணும். நான் சம்பாதிக்கிற பொம்பள."

கடைசியில் மருமகன் ஒரு நாள் குறித்துவிட்டார். சாமான் ஏற்றுகிற சின்ன வண்டியை, குட்டியானை என்போமே, அதைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "பள்ளத்துல ஒரு குழா வந்துச்சுன்னா இருப்பேன். இல்லன்னா போறேன்," என்று என்னிடம் மட்டும் சொன்னார். இந்தத் தெருவில் நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் போய்விட்டால் நான் தையல் மெஷினோடுதான் பேச வேண்டும்.

அதனால் மனு எழுதினேன். கீழே அக்கா தன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போனோம், மனு வாங்கும் ஆபீசுக்கு. வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அக்கா பையில் ஒரு பாட்டில் இருந்தது. காவலுக்கு நின்ற பெண் அதை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"சாம்பாரு."

"சாம்பார் எதுக்கு?"

"இட்லிக்கு. உனக்கும் ரெண்டு வைக்கட்டா கண்ணு?"

உள்ளே போனால் வரிசை மரத்தடி வரைக்கும் நின்றது. அக்கா தெருப் பழக்கத்தில் பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்து பார்த்தால் பை ஒரு ஓரமாகக் கிடந்தது. பின்னால் நின்றவர் காலாலேயே தள்ளிவிட்டு முன்னால் போயிருக்கிறார். அக்காவுக்கு வந்த ஆச்சரியம் இருக்கிறதே. "யோவ், அங்க நான் நின்னுக்கினு இருந்தேன்யா!" என்றார். "நீ எங்கம்மா நின்ன? பைதானே இருந்துச்சு," என்றார் அவர். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னது புரியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதுதான் நன்றாக வரும்.

மனுவைக் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம்.

மூன்று வாரம் கழித்து வார்டு கவுன்சிலர் என் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்கு நான்தான் ரவிக்கை தைக்கிறேன், அதனால் என்னைத் தெரியும். போன வருடம் பகுதி சபை என்று ஒன்று ஆரம்பித்தபோது அதில் என்னை உறுப்பினராகப் போட்டவரும் அவர்தான். அன்றைக்கே நான் சொன்னேன்.

"எனக்குப் பேச வராதுங்களே."

"அதுக்குத்தாங்க்கா உங்களப் போட்டது," என்றார்.

இப்போது கையில் ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். "யக்கா, உங்க தெருவுலேர்ந்து யாரோ ஒரு அம்மா விழுப்புரத்துல மனு குடுத்திருக்காங்க. அங்கேர்ந்து நம்மூர் ஆபீசுக்கு வந்து, அவங்க பகுதி சபைக்கு அனுப்பியிருக்காங்க. உறுப்பினர் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்."

வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில் நான் எழுதிய மனு, விழுப்புரம் போய், நாலு முத்திரை வாங்கிக்கொண்டு, என்னிடமே வந்திருந்தது. படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

"கூட்டம் போட்டு முடிவு பண்ணணுமாம்," என்றார். "மேட்டுப் பக்கத்து ஆளுங்க கோயில் முனையில பெரிய லைட்டு கேட்டிருக்காங்க. இந்தத் தடவை ஏதாவது ஒண்ணுதான் எழுதி அனுப்ப முடியும். ஆபீசரும் வர்றாரு."

அவர் சொன்ன நாள், மருமகன் வண்டி கொண்டுவருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள்.

கூட்டத்துக்கு எப்படிப் போவது என்று அக்காதான் திட்டம் போட்டார். "சும்மா போய் உக்காந்தா மதிக்க மாட்டான். காலிக் கொடத்தோட போவணும். தலைக்கு ரெண்டு. அப்பத்தான் பார்க்க நெறைய தெரியும்." பள்ளத்துப் பெண்கள் எல்லாரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஆண்கள் வர முடியாது, விடியற்காலையிலேயே கட்டட வேலைக்குப் போகிறவர்கள்.

அங்கன்வாடி வாசலில் சாமியானா போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். அதைப் பார்த்துத்தான் அந்த நாளையே வைத்தது. பள்ளத்துப் பெண்கள் இருபத்தைந்து பேர், கையில் இரண்டு இரண்டு குடங்களோடு வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். அக்கா மட்டும் ஒன்று. அவர் கைக்கு அவ்வளவுதான் பிடிபடும். பெயிண்ட் டப்பாப் பெண்ணிடம் இருந்ததே ஒரு குடம்தான், அதனால் இன்னொரு கையில் அந்த டப்பாவே வந்திருந்தது. மேட்டுப் பக்கத்தார் இன்னொரு பக்கம். முன்வரிசையில் பூக்காரம்மா, மடியில் பூவோடு. அவருக்குப் பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவர். அவர்தான் மேட்டுப் பக்கத்துக்காகப் பேசுகிறவர். நான் உறுப்பினர் என்பதால் அதிகாரிக்கும் கவுன்சிலருக்கும் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி நல்ல மாதிரியான மனிதர், கண்ணாடி போட்டவர். அவர் உட்கார்ந்ததுமே இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்துபோய் மேசை மேல் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைத்தார்கள். ஒருத்தி ஆதார் ஜெராக்ஸோடு இரண்டு போட்டோவும் வைத்தாள்.

"எதுக்கும்மா இது? நான் கேக்கவே இல்லையே."

"இருக்கட்டும் சார். எப்பவும் அப்புறமாத்தான் கேப்பீங்க."

அவர் அந்தக் கட்டைக் காற்றில் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்தார். வணக்கம் சொன்னார். பகுதி சபை என்றால் என்ன என்று விளக்கினார். உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யும் இடம் என்றார். இரண்டு பக்கமும் சந்தேகமாகத் தலையாட்டின.

ஆட்டோக்காரர் எழுந்தார். "சார், என் பொண்ணு மயிலத்துல காலேஜ் படிக்குது. சாயந்தரம் ஏழு மணிக்கு முனையில வந்து எறங்குது. ஒரே இருட்டு. நாய் ஏழு கீது. நான் தினம் கம்போட போய் நிக்கிறேன். ஒரு லைட்டு போட்டா புண்ணியமாப் போவும்."

உண்மையைச் சொன்னால், அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

அடுத்து அக்கா எழுந்தார். கோணல் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். "சார், இந்தக் கையப் பாருங்க..." என்று ஆரம்பித்தார்.

அப்போது மேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "தண்ணி வந்துடுச்சே!"

விஷயம் பிறகுதான் தெரிந்தது. தெருவுக்கு அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டு, வால்வு திறக்கிறவர் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று தண்ணீர் வராத நாளில் திறந்துவிட்டிருக்கிறார்.

என் பக்கத்துப் பெண்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க அவர்கள் கால்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த அவசரத்திலும் முறை தவறவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு குடத்தைத் தன் நாற்காலியில் வைத்தாள், இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது, அவர் எதிரில் வரிசையாகக் குடங்கள் உட்கார்ந்திருந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு, நடுவில் ஒரு பெயிண்ட் டப்பா. அக்காவின் நாற்காலி மட்டும் காலி. இருந்த ஒரு குடத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேட்டுப் பக்கத்தார் அசையவில்லை. குழாய் அவர்கள் வாசலில் இருக்கிறது, என்ன அவசரம்?

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மயிலத்துல பன்னெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு கூட்டம். இருக்கறவங்கள வச்சு முடிச்சிடலாமா?"

"முடிச்சிடுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர் சந்தோஷமாக. "லைட்டுக்குக் கை தூக்குறவங்க தூக்குங்கப்பா, ஜல்தி!"

இருபத்து நாலு கை. ஒருவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார், ஒன்றை இறக்கச் சொன்ன பிறகு வந்த கணக்கு அது.

"குழாய்க்கு?"

குடங்கள் பேசாமல் இருந்தன. கவுன்சிலர் சாமியானாத் துணியைப் பார்த்தார். எனக்கு அக்கா வீட்டு மூலையில் சாக்கில் கட்டி வைத்திருந்த இட்லிப் பானை ஞாபகத்துக்கு வந்தது. முந்தின நாள்தான் நானும் சேர்ந்து கட்டினேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்ப்பதைப் பார்த்துத்தான், நான் நின்றுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

"சார், அவங்க இருக்காங்க," என்றேன்.

"யாரும்மா?"

"குடம் இருக்குது சார்."

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "குடத்துக்கு ஓட்டு கிடையாதும்மா."

"அப்படி உண்டுன்னா சொல்லுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர். "வூட்ல கல்யாண அண்டா ஒண்ணு கீது, தூக்கியாரேன். அது பத்து ஆளுக்குச் சமம்."

 உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "எங்க தெருவுல குடம் இருந்தா ஆளு இருக்குதுன்னு அர்த்தம் சார். யாரை வேணா கேட்டுப் பாருங்க." பொது இடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"யாரைக் கேக்கறது?" என்றார் அதிகாரி.

 எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பூக்காரம்மா நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். அவருக்கு லைட்டுதான் வேண்டும். கோயில் முனையில் வெளிச்சம் வந்தால் சாயந்தரத்துப் பூ இன்னும் இரண்டு மணி நேரம் விற்கும். முதலில் உயர்ந்த கையே அவருடையதுதான்.

"சொல்லு அத்தே," என்றார் ஆட்டோக்காரர். "கொடம் வெறும் கொடந்தான்னு சொல்லு."

"நீ கொஞ்சம் வாய மூடு," என்றார் பூக்காரம்மா. "உன் பொண்டாட்டி காலையில ஆறு மணிக்குக் கொடத்த வச்சிட்டுப் போனா, பதினோரு மணிக்குத்தான் வர்றா. அஞ்சு மணி நேரம் அங்க நிக்கிறது யாரு?"

"கொடம்..."

"அப்ப நாளையிலேர்ந்து எடுத்து ஓரமாக் கடாசிடட்டா?"

ஆட்டோக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ஆளுதான் சார்," என்றார் பூக்காரம்மா, பிடிக்காத மருந்தை விழுங்கியதுபோல. "எழுதிக்கோங்க."

அதிகாரிக்கு இப்போது சிரிப்பு நின்று ஆர்வம் வந்துவிட்டது. "ஆனா எது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூக்காரம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நாற்காலி நாற்காலியாக நடந்தார். "செவப்புக் கயிறு, ரயில்வே கேட்டு ஓரத்து வூட்டுக்காரி. வாய் நெளிஞ்சது, கொத்தனாரு பொண்டாட்டி. இது ஒட்டுப் போட்டது, அவ மாமியாரு. தனிக் குடித்தனந்தான், தனியா எழுதுங்க." வாக்காளர் பட்டியலில்கூட இவ்வளவு சரியாக இருக்காது. கடைசியில் பெயிண்ட் டப்பாவிடம் வந்தார். நின்றார். நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

"இது செல்லாது," என்றார். "டப்பா ஆளு கெடையாது. போன வருசமே சொல்லியாச்சு."

இருபத்து மூன்று. லைட்டுக்கு இருபத்து நாலு. அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதப்போன இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீங்களும் உறுப்பினர்தானேம்மா? நீங்க எந்தப் பக்கம்?"

இவ்வளவு பேசியும் நான் கை தூக்கவே இல்லை. இரண்டு கைகளும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றைத் தேடி எடுத்துத் தூக்கினேன்.

"சரிக்குச் சரி," என்றார் அதிகாரி. "இனி தலைவர்தான் சொல்லணும்."

கவுன்சிலர் மேட்டுப் பக்கத்தைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார். இரண்டு பக்கமும் அவருக்கு ஓட்டு உண்டு. "சார்," என்றார், "ஒரு டீ சாப்பிட்டுக்கலாமா?"

அப்போதுதான் யாரோ மேட்டைக் காட்டினார்கள். அக்கா வந்துகொண்டிருந்தார். கையைப் பார்த்து அவரை முதல் ஆளாகத் தண்ணீர் பிடிக்க விட்டிருக்கிறார்கள். இடது இடுப்பில் அரைக்குடம். நாலு வீடு நடந்தார், குடத்தைக் கீழே வைத்தார், கையை உதறினார், மறுபடி தூக்கினார். கால்வாய் ஓரம் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். குடம் தளும்பிப் புடவை நனைந்தது. மறுபடி கீழே வைத்தார்.  அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"அவங்க நாற்காலி காலிதான் சார். கொடம் வைக்கல," என்றார் ஆட்டோக்காரர், ஆனால் சத்தம் குறைவாக.

"ஆளே வந்துக்கினு கீது, கொடம் எதுக்குடா?" என்றார் பூக்காரம்மா.

அக்கா நாலாவது தடவை குடத்தை இறக்கியபோது ஆட்டோக்காரரால் உட்கார முடியவில்லை. ஓடினார். "குடு யக்கா, ஜல்தி வா, ஆபீசரு மயிலம் போவணுமாம்!" என்று குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்து வந்து, அதிகாரியின் எதிரில் இறக்கினார். இறக்கிய பிறகுதான் யாருடைய ஓட்டைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று அவருக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவியே சிரித்தாள்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "இன்னா, டீ குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லம்மா," என்றார் அதிகாரி. "நீங்க சொல்லுங்க. குழாய் வேணுமா, லைட்டு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"ஒண்ணுதான்மா எழுத முடியும்."

"அப்ப கொழா எழுதுங்க. லைட்டு அடுத்த தடவை. அந்தப் பொண்ணு இருட்டுல வருது பாவம்."

இருபத்தைந்து. அதிகாரி தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ஆதரவு இருபத்தைந்து பேர் என்று எழுதிவிட்டு, தண்ணீர் பிடித்தவர்கள் திரும்பி வரும் வரை காத்திருந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கையெழுத்து வாங்கினார். ஈரக் கையோடு போட்டதால் பாதிப் பெயர்கள் கலங்கிவிட்டன. பெயிண்ட் டப்பாப் பெண்ணும் கையெழுத்துப் போட வந்தாள். அதிகாரி பூக்காரம்மாவைப் பார்த்தார். "இப்ப ஆளா வந்திருக்கா, போடட்டும். ஆனா டப்பாவுக்கு இல்ல," என்றார் அவர். அதிகாரி இருபத்தைந்தை அடித்து இருபத்தாறு என்று திருத்தினார். மயிலம் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். ஜெராக்ஸ் கட்டையும் எடுத்துக்கொண்டு போனார், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

அன்றைக்குச் சாயந்தரம் அக்காவும் நானும் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். மூலையில் சாக்கு மூட்டைகள் அப்படியே இருந்தன.

"தீர்மானம்னா இன்னா?" என்றார். "தண்ணியா?"

"காகிதம்க்கா," என்றேன். "அதிலேர்ந்து தண்ணி வர எவ்ளோ நாளாகும்னு தெரியாது."

"மழைக்கு முன்னாடி வருமா?"

"தெரியாதுக்கா."

அவர் மூட்டைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கவும் இல்லை, இறுக்கிக் கட்டவும் இல்லை. "நீ எழுந்து நின்னு பேசினியாமே," என்றார். "நான் பாக்கலையே. இன்னொரு தடவை பேசிக் காட்டேன்." நான் பேசிக் காட்டவில்லை. ஒருத்தர் முன்னால் எனக்கு அது இன்னும் கஷ்டம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு மருமகன் குட்டியானை கொண்டுவந்தார். அக்கா சாக்கை அவிழ்த்து எடுத்த பானையில் அவித்து அவருக்கு ஆறு இட்லி வைத்தார். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, வெறும் வண்டியைக் கண்டமங்கலத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்.